பத்துக்கு ஏழு

பாலக்கோடு மண்டியில் பதினெட்டு வருஷம்
தக்காளி ஏலம் கூவிய வாய் இது.
கிரேடு நூத்திநாப்பது, அம்பது, அம்பத்தஞ்சு,
மூச்சு விடாமல் ஏறும், இறங்கும்.
ஆடி மாசம் ஒரு விடியலில்
மூளையில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது.
தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள்.
வலது பக்கம் ஈரச்சாக்காய்த் தொங்க
எண்கள் எல்லாம் லாரி ஏறிப் போய்விட்டன.
ஒன்றே ஒன்று மிச்சம்:
ஏழு.

பசிக்குதா என்பாள் வேடியம்மாள். ஏழு.
வலிக்குதா? ஏழு.
மகன் பெயரைச் சொல்லப் போனாலும்
ஏழுதான் முந்திக்கொண்டு வரும்.
உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.
உங்களிடம் இப்போது பேசுகிறேனே,
ஒரு எழுத்தாவது பிசகியதா?
வாசலில்தான் எப்போதும் அதே ஆள்.

புதன்கிழமை பத்தரைக்கு
சமுதாயக் கூடத்தில் ஒன்பது நாற்காலி.
டாக்டர் கிடையாது. பிசியோ பையன் வந்தாலும்
கடைசியில் உட்கார்ந்து
வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.
நோட்டு பர்வீனிடம்.
தையல்காரி, நாற்பத்தொன்று,
இடது கையால் எழுதப் பழகிக்கொண்டவள்.
அவள் எழுத்துகள் சந்தைக்கு வந்த ஆடுகள்,
ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கும்.

'சரியாயிடும்' என்று சொல்பவர்
பால்டின்னில் ரெண்டு ரூபாய் போடணும்.
முதல் நாளே வேடியம்மாள் எட்டு ரூபாய் தண்டம் கட்டினாள்.
அந்தக் காசில்தான் டீ.

அடுத்த புதனுக்குள் என்ன செய்யப்போறீங்க?
எத்தனை நாள்? எந்த நேரம்?
பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை?
ஏழுக்குக் கீழே சொன்னால்
காரியத்தைச் சின்னதாக்கணும்,
ஆளை இல்லை.

போர்வெல் கெம்பண்ணன்
சர்க்கரை ஆலை கேட் வரைக்கும் நடப்பேன்,
பத்துக்குப் பத்து என்றார்.
மறுவாரம் தலை தொங்கிக் கிடந்தது.
ஏன் நடக்கலை என்று யாரும் கேட்கவில்லை.
எது மறிச்சது என்றார்கள்.
திருப்பத்தில் ஒரு செவலை நாய்.
அரைமணி நேரம் நாயைப் பற்றியே பேசினோம்
(நானும்தான், ஏழு ஏழு என்று).
கடைசியில் நாலு பிஸ்கட்,
மருந்துக்கடை வரைக்கும் மட்டும் நடை.
நம்பிக்கை எட்டு.

கொசுவத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒத்தைக் கையில் புடவை கட்டியதை
மாரண்டஅள்ளி சென்னம்மா சொன்னாள்.
மருமகள் கட்டிவிட்டா நல்லாத்தான் இருக்கும்,
ஆனா அது அவ கட்டின புடவை.
பிசியோ பையன் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தான்.

என் முறை.
இடது கையால் ஒரு கட்டம் வரைந்தேன்,
உள்ளே நாலைந்து வட்டம்.
ஜன்னலா? தாயமா? இட்லித் தட்டா?
வேடியம்மாள் பதில் சொல்ல எழுந்தாள்,
பர்வீன் கையமர்த்தினாள்.
காத்திருந்தார்கள். டீ ஆறியது.
பிறகு கெம்பண்ணன்: "கிரேடு! யோவ், மண்டிய்யா!"
கழுத்து வலிக்கத் தலையாட்டினேன்.

கூவ இல்லை. போய் நிற்க.
மூன்று நாள், காலை அஞ்சரை,
ஒரு லாட் ஏலம் முடியும்வரை.
பத்துக்கு எவ்வளவு? என்றாள் பர்வீன்.

ஏழு, என்றேன்.

கூடம் ஒரு நொடி பேசவில்லை.
எட்டு மாசமாக வழி தவறி
ஊரார் கதவையெல்லாம் தட்டிய சொல்
தன் வீட்டில் செருப்பைக் கழற்றியது.
நெஜமாவே ஏழா? என்றாள் சென்னம்மா.
எனக்கே தெரியவில்லை.
ஆறாகக்கூட இருந்திருக்கலாம்.
பர்வீன் எழுதிக்கொண்டாள்.

இன்றைக்குப் புதன்.
வியாழன் போனேன். நசுங்கிய தக்காளி வாசனைக்குக்
கண் கலங்கியது.
சனி போனேன். என் இடத்தில் சாம்ராஜ் கூவினான்,
வேகம் கொஞ்சம் போதாது.
திங்கள்கிழமை மழை இல்லை, நாய் இல்லை,
எழுந்திருக்க மனசும் இல்லை.

எத்தனை நாள் போனீங்க?
ஏழு, என்கிறது வாய்.
மாட்டுச் சந்தையில்
துண்டுக்கடியில் விலை பேசுமே, அந்த விரல்களை
இந்தக் கையில்,
வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுகிறேன்.

அவள் வாயைப் பார்க்கவில்லை.
விரலைப் பார்த்து எழுதுகிறாள்:
ரெண்டு.